சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய லோட்டஸ் எக்ஸீஜ் வி6 ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தின் நார்ஃபோக் சாலைகளிலும், மாதம் ஒருமுறை ஸ்நெட்டர்ட்டன் பந்தயத் தடத்திலும் ஓட்டி வருகிறேன். ஒட்டிச் சேர்த்த அலுமினியச் சட்டகமும் சுமார் 1,180 கிலோ எடையும்தான் இந்தக் காரின் உயிர். ஆயினும் சென்ற முறை, அத்தடத்தின் பென்ட்லி நேர்பாதையின் முடிவில் சுற்றுக்குச் சுற்று பிரேக்கை அழுத்திப் பிடித்ததில், 7ஆவது சுற்றில் பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கிவிட்டது. நான் இரண்டு ஆண்டுகளாக மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில், ஈரத்தை உறிஞ்சிக் கொதித்திருக்க வேண்டும், அதை மாற்றிவிட்டேன். சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேட் விஷயத்தில்தான் குழப்பம். தடத்துக்கான பேட் சூடேறும்வரை நன்றாகப் பிடிக்காது என்பதால், குளிர்காலக் காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது அதை நம்ப மனம் வரவில்லை. இரண்டுக்கும் பொருந்தும் பேட் உண்டா, ஒவ்வொரு முறையும் கழற்றி மாற்றுவதுதான் வழியா? அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.