புலனாய்வு, தேசியப் பாதுகாப்பு படிக்கப் போறவைக்கு: வன்னிப் பக்கம் இருந்து போன ஆக்களின்ர அனுபவம்

புதுக்குடியிருப்பான்:
லண்டனில இன்டெலிஜென்ஸ், செக்யூரிட்டி எண்டு மாஸ்டர்ஸ் முடிச்சனான், கனபேர் தனித்தனியாக் கேக்கினம், அதால ஒரேயடியா எழுதுறன். ஊரில இந்தப் படிப்பைச் சொன்ன உடன வாற முதல் கேள்வி "தம்பி சிஐடிக்கோ போகப்போறாய்" எண்டதுதான். அம்மா சொந்தக்காரருக்கு "அவன் அரசறிவியல் படிக்கிறான்" எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவா. அவவில பிழை சொல்லேலாது, சிவில் உடுப்போட வீட்டுக்கு வந்து விசாரிச்சவையைத் தவிர புலனாய்வு எண்டதை நாங்கள் வேற ஆரிட்டயும் காணேல்லத்தானே.

ஆனா வகுப்புக்குள்ள ஆளைப் பின்தொடருற விளையாட்டு ஒண்டும் இல்லை, முழுக்க வாசிப்பும் எழுத்தும்தான். ஒரு தகவல் வந்தா சொன்ன ஆளை எவ்வளவு நம்பலாம் எண்டதுக்கு ஏ இல இருந்து எஃப் வரைக்கும் ஒரு எழுத்து, சொன்ன விசயம் எவ்வளவு சரியா இருக்கும் எண்டதுக்கு 1 இல இருந்து 6 வரைக்கும் ஒரு இலக்கம், ரெண்டையும் தனித்தனியாத்தான் போடோணும், ஏனெண்டா நல்ல மனுசனும் பிழையான தகவல் தரலாம், பொய்க்காரனும் ஒருநாள் உண்மை சொல்லலாம். பேந்து சிஐஏயில வேலை செய்த ரிச்சர்ட்ஸ் ஹியூவர் எண்டவரின்ர முறை ஒண்டு இருக்கு. என்ன நடந்திருக்கும் எண்டு நாலைஞ்சு விளக்கத்தை மேல எழுதி, கையில இருக்கிற ஆதாரத்தை எல்லாம் பக்கத்தில எழுதி, எந்த ஆதாரம் எந்த விளக்கத்தை உடைக்குது எண்டு பாக்கிறது. நாங்கள் எல்லாரும் எங்களுக்குப் பிடிச்ச கதைக்கு ஆதரவாத்தான் ஆதாரம் தேடுவம், இது அதைத் தலைகீழாச் செய்யச் சொல்லுது. ஊர்ப்பிரச்சினையில இருந்து தேர்தல் வரைக்கும் எனக்கு இண்டைக்கும் உதவுற விசயம் இதுதான்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நான் கட்டுரைக்கு எடுத்தனான். ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியப் பக்கம் இருந்து எச்சரிக்கை வந்திட்டுது, 11 ஆம் திகதி பொலிசுக்குள்ள கடிதமும் போயிருக்கு, அதில தாக்குதலுக்குத் தலைமை தாங்கின சஹ்ரானின்ர பேர் இருக்கு, தேவாலயங்கள் எண்டும் இருக்கு. 21 ஆம் திகதி 250 பேருக்கு மேல செத்துப்போச்சினம். தகவல் இல்லாமல் போகேல்ல, வந்த தகவல் மேசை மேசையா நிண்டுபோச்சுது. பிரதமரைத் தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமலே மாசக்கணக்கா நடத்தியிருக்கினம். 2023 சனவரியில உச்ச நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதெல்லாம் இதாலதான். சேகரிக்கிறது ஒரு பங்கு வேலை, அதை உரிய ஆளிட்ட உரிய நேரத்தில குடுத்து அந்தாளை அசைய வைக்கிறதுதான் பெரிய பங்கு எண்டு அதில வடிவா விளங்கினது.

எனக்கு ஆகக் கஷ்டமா இருந்தது செய்மதிப் படப் பாடம். 2009 மே மாசம், யுத்தம் முடியிற நேரம், அமெரிக்க விஞ்ஞானச் சங்கம் ஒண்டு, சுருக்கமா ஏஏஏஎஸ், மனித உரிமை அமைப்புகளான அம்னெஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்சும் கேட்டு எங்கட முள்ளிவாய்க்கால் கடற்கரையைப் படத்தில ஆராய்ஞ்சது, அதை நானாத்தான் எடுத்து வைச்சுப் படிச்சனான். நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையில அந்த ஒடுங்கின மணல், அதுக்கு மேல குறுணி குறுணியா தறப்பாள் கொட்டிலுகள். மே 6 ஆம் திகதிப் படத்தில நெருக்கமா இருக்கு, 10 ஆம் திகதிப் படத்தில அதே இடம் வெறுமை. வட்டமா ஒரு அடையாளம், ஒரு பக்கம் நிழல், சுத்திவர மண் சிதறின தடம் எண்டா அது செல் விழுந்த குழி எண்டு படிப்பிக்கினம். அந்த மணலில நானும் இருந்தனான், சின்னப்பெடியன். விரிவுரையாளரோட கதைக்கேக்க அவர் மரியாதையாத்தான் கேட்டவர், நீ ஒரு சாட்சி, உன்ர சாட்சியத்துக்கு நீயே என்ன எழுத்து, என்ன இலக்கம் போடுவாய் எண்டு. யோசிச்சுப் பாத்தன். பங்கருக்குள்ள இருந்தது எனக்குத் தெரியும், ஆர் ஆர் செத்தவை எண்டு தெரியும், சத்தம் தெரியும். இதெல்லாம் கண்ணால கண்டது. எந்தப் பங்கர் எண்டைக்கு அடிபட்டது எண்டு திகதியோட சொல்லுறதெல்லாம் பேந்து பெரியாக்கள் கதைக்கக் கேட்டது. ரெண்டையும் பிரிச்சு எழுதினன், எழுதின பிறகு நான் கண்ட பங்கு இன்னும் பலமா நிண்டது. ஆரும் அதைத் தட்டிவிட ஏலாது. எங்கட சனம் இந்தப் படிப்பைப் படிக்கோணும் எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான்.

மாங்குளம் அக்கா:
தம்பி, நான் கம்பஸ் வாசல் மிதிக்கேல்ல, மிதிவெடி அகற்றுற வேலையில சர்வே செய்தனான், நீர் எழுதினதை வாசிக்க எங்கட வேலை மாதிரியே கிடக்கு. ஒரு காணிக்குப் போனா முதல் கேள்வி "ஐயா, நீங்கள் கண்டனீங்களோ, ஆரும் சொன்னவையோ?" மாடு வெடிச்ச இடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறவர் ஒருத்தர், "அந்தப் பக்கம் கிடக்காம் பிள்ளை" எண்டு கையை நீட்டுறவர் இன்னொருத்தர். ரெண்டையும் ஒரே மாதிரிப் பதிஞ்சா ஒண்டில் சும்மா கிடக்கிற வயலை வருசக்கணக்கா மூடி வைப்பம், இல்லாட்டி ஒரு பிள்ளையின்ர கால் போகும். அதுதான் சந்தேகப்படுற இடம் வேற, உறுதியான இடம் வேற எண்டு வரைபடத்தில பிரிச்சுக் கீறுறது. விறகு வெட்டப் போறவை, தேன் எடுக்கிறவை, மாடு சாய்க்கிறவை, இவையளை விடத் திறமான ஆக்கள் இல்லை, எந்த மரத்துக்குக் கீழ என்ன கிடக்குதெண்டு அவைக்குத் தெரியும்.

இன்னொண்டும் சொல்லோணும். ஃபைலோட ஒராள் படலையில நிண்டாலே இஞ்ச சனம் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் ஆர், எந்த நிறுவனம், இந்தத் தகவல் எங்க போகும், உங்கட பேர் அதில வருமோ வராதோ எண்டு முதலே சொல்லிப்போட்டுத்தான் கேக்கிறது. சொன்னா முற்றத்தில கதிரை வரும், தேத்தண்ணி வரும், பிறகு கதை தானா வரும். வெருட்டிக் கேட்டா சனம் கேக்கிறவனுக்குப் பிடிச்சதைத்தான் சொல்லும். இதைப் படிப்பிக்கிறவையோ அங்க?

புதுக்குடியிருப்பான்:
படிப்பிக்கிறவை அக்கா, ஆனா உங்கள மாதிரி படலையடியில நிண்டு படிச்ச ஆக்கள் வகுப்பில ஒருத்தரும் இல்லை.

வவுனியா வங்கிக்காரன்:
நான் வங்கியில கம்ப்ளயன்ஸ் பக்கம், அதாவது சட்டப்படி நடக்குதோ எண்டு பாக்கிற பிரிவு. 10 லட்சம் ரூபாவும் அதுக்கு மேலயும் காசாப் போய்வந்தா மத்திய வங்கியின்ர நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்கோணும், 2006 ஆம் ஆண்டுச் சட்டம். சந்தேகமான கொடுக்கல் வாங்கல் எண்டா தொகை சின்னனெண்டாலும் அறிக்கை போகும், அதை எழுதுறது நாங்கள். உண்டியல் காசு (வங்கிக்கு வெளியால ஆள் மாறி அனுப்புறது), வெளிநாட்டு உறவு அனுப்பின காசு, போதைப்பொருள் காசு மூண்டும் பாத்த பாட்டுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும், பிரிச்செடுக்க மேல தம்பி சொன்ன மூளைதான் தேவை. வன்னிப் பக்கத்தின்ர குடும்பக் காசு எப்பிடி ஓடுது எண்டு தெரிஞ்ச ஒராள் அந்தக் கதிரையில இருந்தா சும்மா ஒரு அம்மாவின்ர கணக்கு முடங்காது. இதையும் பாதுகாப்புப் படிப்பின்ர தொழில் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.

கிளிநொச்சி அம்மா:
என்ர மகள் ஏஎல் கலைப்பிரிவு, உதுதான் படிக்கப்போறன் எண்டு நிக்கிறா. ஏஜென்சிக்காரர் ஒராள் லண்டனுக்கு அனுப்பலாம், படிச்சு முடிய எம்ஐ 5 எண்ட பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில கூட வேலை எடுக்கலாம் எண்டவர். காணியை ஈடு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறம்.

புதுக்குடியிருப்பான்:
அம்மா, காணியில கை வைக்காதேங்கோ. எம்ஐ 5 க்கு பிரிட்டிஷ் குடியுரிமை வேணும், கனடாவின்ர உளவு நிறுவனம் சிஎஸ்ஐஎஸ்ஸுக்கு கனேடியக் குடியுரிமை வேணும், ஸ்டூடன்ட் விசாவில போற பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. அந்த ஆள் சொன்னது பச்சைப் பொய். என்னோட படிச்ச வெளிநாட்டுப் பிள்ளையள் போனது ரிஸ்க் கம்பனி, வங்கி, மனித உரிமை ஆய்வு, பத்திரிகை எண்டுதான், அதுவும் விசாவோட மல்லுக்கட்டி.

முதல் டிகிரியை இஞ்ச செய்யட்டும். யாழ் கம்பசில அரசறிவியலும் இருக்கு, புவியியலும் இருக்கு, புவியியலில ஜிஐஎஸ், அதாவது கணினியில வரைபடம் கீறி ஆராயிறது, படிச்சா வரைபடம், செய்மதிப் படம் எல்லாம் கைக்கு வரும். கொழும்பில சர்வதேச உறவுகள் இருக்கு. இரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலயும் மூலோபாயக் கற்கை இருக்கு, அது பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ வாறது, அதுக்குப் போறதோ இல்லையோ எண்டதை வீட்டில இருந்து கதைச்சு முடிவெடுங்கோ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். எங்க படிச்சாலும் சிங்களம் வாசிக்கப் பழகட்டும், இந்த நாட்டின்ர ஆவணம் பாதி அதிலதான். பேந்து மாஸ்டர்ஸுக்கு கொமன்வெல்த், செவனிங் எண்டு புலமைப்பரிசில் இருக்கு, ரெண்டும் முழுச் செலவும் பாக்கும், செவனிங்குக்கு வேலை அனுபவமும் கேப்பினம். அதுக்கிடையில அக்கா மாதிரி ஆக்களோட சர்வே வேலையில நிண்டாவெண்டா விண்ணப்பத்தில எழுத ஒரு கதை இருக்கும். ஏஜென்சிக்காரர் தந்த பேப்பரை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ, கையெழுத்து மட்டும் வையாதேங்கோ.