மலை நிலத்தில் மகளுக்குப் பங்கு: முடிவு சொல்ல வேண்டியது சட்டமா, ஊரா?

காப்பிக்காட்டான்:
2025இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு சொன்னது. ஜூலையில் சத்தீஸ்கர் கோண்டுக் குடும்பத்து வழக்கில், பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் தாய்வழித் தாத்தா சொத்தில் சமபங்கு என்றது. அக்டோபரில் இமாச்சல வழக்கில், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குச் செல்லாது, உயர் நீதிமன்றம் தன் போக்கில் அதை நீட்டியிருக்கக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் 2(2) பிரிவே அப்படித்தான் சொல்கிறது: மத்திய அரசு அறிவிக்கை போட்டால் தவிர, எங்களுக்கு அது கிடையாது.

நான் ஏற்காட்டு மலையாளி; கேரளக்காரன் இல்லை, இந்த மலையின் பழங்குடி. என் நிலைப்பாட்டை நேராகவே சொல்லிவிடுகிறேன். அறிவிக்கை வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்தார், நல்ல மண்ணெல்லாம் எஸ்டேட் ஆனது. மிச்சம் இருப்பது சரிவில் துண்டு துண்டாகக் கிடக்கும் பட்டா நிலம். அரசியலமைப்பு பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓரடி மண்கூடக் கிடையாது. ஆந்திராவில் பழங்குடிப் பகுதி நிலத்தை வெளியாள் வாங்க முடியாதபடி 1970 முதல் கெட்டியான தடை இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. இந்த நிலையில் மகளுக்குப் பங்கு என்றால், கீழ்நாட்டு, அதாவது சமவெளி மாப்பிள்ளை வழியாக நிலம் இறங்கிப் போய்விடும். முதலில் நிலத்துக்குப் பாதுகாப்பு வரட்டும், பங்கை அப்புறம் பேசலாம்.

வெள்ளக்கடை மருமகள்:
தம்பி, நிலம் ஏற்கெனவே இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. இறக்குறது யாருன்னு பாருங்க. ரோட்டோரம் இருக்கற ரிசார்ட்டுக்கெல்லாம் நிலம் குடுத்தது பொண்ணுங்களா?

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அப்பா போனதும் வாரிசு சான்றிதழ்ல என் பேரும் அக்கா பேரும் ஏறுச்சு. "அது சும்மா காகிதம், நம்ம வழக்கத்துல பொம்பளப் பிள்ளைக்குக் காடு கிடையாது"ன்னு பெரியப்பா சொன்னாரு. சரின்னு விட்டோம். கொஞ்ச வருஷம் கழிச்சு அண்ணன் மேக்காட்டை ஒரு வெளியூர்க்காரருக்கு விலை பேசினாரு. வாங்கறவரோட வக்கீல் பேப்பரைப் பார்த்துட்டு, "தங்கச்சிங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாத்தான் பணம்"னுட்டாரு. எங்களைக் காருல வெச்சு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பத்திர ஆபீஸ்ல கட்டை விரல், போட்டோ எல்லாம் ஆச்சு. வர்ற வழியில ஆளுக்கொரு சேலை, ஒரு பிரியாணி. பத்திரத்துல "எங்களுக்குரிய பாகத்தை மனப்பூர்வமாக விடுதலை செய்து"ன்னு இருந்துச்சு.

இல்லாத பாகத்தை எப்படிங்க விடுதலை செய்யறது? ஊருக்குள்ள எனக்குப் பங்கில்லை, வெளியாளுக்கு விக்கும்போது மட்டும் பங்கு இருக்கு. இந்த வழக்கம் யாரைக் காப்பாத்துது?

காப்பிக்காட்டான்:
அக்கா, உங்க அண்ணன் செஞ்சது தப்பு. ஆனா அது வழக்கத்தோட தப்பு இல்ல, வழக்கத்தை மீறினதோட தப்பு. ஊர்த் தலைவருங்களான கவுண்டரையும் பட்டக்காரரையும் கேக்காம காட்டை வெளியாளுக்கு விக்கறது முன்னாடி நடக்குமா?

இன்னொண்ணு. கீழ்நாட்டு இந்துப் பெண்ணுக்கு விவாகரத்துன்னு சட்டத்துல பரவலா வந்ததே 1955ல. நம்ம மலையில பொண்ணுக்கு மாப்பிள்ளை வீடு குடுத்த பரியத்தைத் திருப்பிக் குடுத்துட்டு ஒத்து வராத கல்யாணத்தை ஊர் முன்னாடி முடிச்சுக்கறது பாட்டி காலத்துலயே இருக்கு. அறுத்துக் கட்டறதுக்கும், அதாவது மறுமணத்துக்கும் தடை இல்ல. வழக்கம்னாலே பொம்பளைக்கு எதிரின்னு சொல்றவங்க இதையும் கணக்குல வெக்கணும்.

வெள்ளக்கடை மருமகள்:
வெக்கறேன். அந்தப் பஞ்சாயத்துல மேடை மேல யாரு உக்கார்றாங்கன்னும் சேர்த்து வெச்சுக்கறேன்.

சின்னத்திருப்பதி சிவா:
எதுக்கு இவ்வளவு பேச்சு? நாடு முழுக்க ஒரே சிவில் சட்டம் போட்டால் தீர்ந்தது. உத்தராகண்ட் 2024லேயே போட்டுவிட்டது.

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
சிவா, உத்தராகண்ட் சட்டமும் பட்டியல் பழங்குடியினருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளக்கடை அம்மா கேட்டதற்கு என்னிடம் நேர்ப்பதில் உண்டு. வாங்குபவரின் வக்கீல் ஏன் கையெழுத்து கேட்கிறார்? "பெண்ணுக்குப் பங்கில்லை" என்ற வழக்கத்தை நாளை கோர்ட்டில் நிரூபிக்க முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. ஜூலைத் தீர்ப்பின் உயிரே இதுதான். பெண்ணுக்குப் பங்கு உண்டு என்ற வழக்கத்தை அவள் வாரிசுகள் நிரூபிக்க வேண்டும் என்று கீழ்க் கோர்ட்டுகள் கேட்டன. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. விலக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் நீதி, சமன்மை, மனசாட்சிப்படி சமபங்கு. அக்டோபர் தீர்ப்பு 1956 சட்டத்தை நேராகக் கொண்டுவரும் கதவை மட்டும்தான் சாத்தியது. என் வாசிப்பில் இரண்டும் மோதவில்லை.

2022 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் 2(2) பிரிவைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று சொன்னது.

பலருக்குத் தெரியாத கூத்து ஒன்று. தமிழ்நாட்டில் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் வருவது மாவட்டக் கணக்கில். சேலம், தருமபுரி, பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு என்று போகும். ஈரோடு பக்கம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் பல காலமாகக் கேட்டும் பட்டியலில் இல்லை. அதனால் பர்கூர் மகளுக்கு 1956 சட்டம் முழுசாகப் பொருந்தும், ஏற்காட்டு மகளுக்குப் பொருந்தாது. அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினார்கள் என்று ஒரே கதையைச் சொல்கிற சனம்தான். காப்பிக்காட்டான் "எங்கள் வழக்கம்" என்று சொல்வதன் எல்லைக்கோட்டை வருவாய்த் துறை வரைபடம்தான் போட்டிருக்கிறது.

வடமராட்சியான்:
நான் யாழ்ப்பாணம், பெண் எடுத்தது சேலத்தில். எங்கட பக்கத்து அனுபவம் ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் டச்சுக்காரர் எழுத்தில் பதிந்தார்கள். அதில் மகளுக்குச் சீதனம் உண்டு, அது அவளுடைய சொத்துத்தான். ஆனால் கலியாணம் கட்டினவள் தன் காணியை விற்கப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முந்நூறு வருசத்துக்கு முந்தி பன்னிரண்டு முதலியார்மார் சரி என்றதை இன்றைக்கும் கொழும்பில் வேலை செய்கிற டாக்டர் பெண் சுமக்கிறாள். ஆகவே தம்பி காப்பிக்காட்டான், வழக்கத்தை எழுதி அரசிடம் கொடுத்து நிலைக்கவைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடும்.

ஆனால் உமக்கு உதவுகிற ஒன்றும் அதில் இருக்கு. பங்குக்காரர் ஒருவர் விற்கப் புறப்பட்டால் மற்றப் பங்குக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மகளுக்கும் பங்கைக் கொடுத்தால் என்ன?

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
அதற்கு யாழ்ப்பாணம் வரை போக வேண்டாம். 1956 சட்டத்தின் 22ஆம் பிரிவே கூட்டு வாரிசுக்கு முதல் உரிமை தருகிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காப்பிக்காட்டான்:
முதல் உரிமை சரிங்க சார், முதல் எங்க? ரிசார்ட்காரன் சொல்ற விலைக்கு மிளகும் காப்பியும் வித்து ஒரு மலையாளி தன் தங்கச்சி பங்கை வாங்க முடியுமா? உரிமை பேப்பர்ல இருக்கும், நிலம் அவன் கையில இருக்கும்.

மேலருந்து திணிச்சா என்ன ஆகும்னு நாகாலாந்துல பாத்தோம். 2017ல நகராட்சியில பெண்களுக்கு 33 சதவீதம்னதும் பழங்குடி அமைப்புங்க தெருவுக்கு வந்து, உயிரே போச்சு. பேசிப் பேசி 2024ல அதே இடஒதுக்கீட்டோட தேர்தல் நடந்துச்சு. பழகறதுக்கு நேரம் வேணும்.

வெள்ளக்கடை மருமகள்:
அந்த ஏழு வருஷமும் உச்ச நீதிமன்றத்துல வழக்கு போட்டுத் துரத்துனது நாகாப் பொம்பளைங்க. சும்மா உக்காந்து பழகல.

நேரம்னு சொல்றீங்களே, அந்த நேரத்துலதான் மேக்காடு போச்சு.

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
2006 வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் வரும், வாரிசுக்குப் போகும், யாருக்கும் விற்க முடியாது. நீங்கள் கேட்கும் பாதுகாப்பும் அக்கா கேட்கும் பங்கும் ஒரே பிரிவில், 4(4)இல். தமிழ்நாட்டில் வழக்கால் 2016 வரை பட்டா தர முடியாமல் முடங்கிக் கிடந்தது என்பது தனிச் சோகம். உங்கள் பழைய பட்டா நிலத்துக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் கேட்டுப் போராடினால் நான் கோட்டைக் கழற்றிவிட்டு வருவேன். பெண்ணை வெளியே நிறுத்தியபடி பாதுகாப்பு மட்டும் கேட்டால் வர மாட்டேன்.

காப்பிக்காட்டான்:
விக்க முடியாதுன்னு முதல்ல எழுதுங்க, பங்குக்கு நானே ஊர்ல பேசறேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையோட மூணு நாட்டுப் பிரிவுக்காரரும் கூடும்போது எடுத்து வெப்பேன். ஆனா இப்ப இருக்கற நிலையில அறிவிக்கை வந்தா எதிர்ப்பேன். அதுல மாத்தம் இல்ல.

வெள்ளக்கடை மருமகள்:
பேசுங்க. நானும் வர்றேன். மேடை மேல பாய் போட்டு வைங்க.

மஞ்சக்குட்டை பேத்தி:
புதுசா வந்திருக்கேன், தப்பா கேட்டா மன்னிக்கணும். எங்க அம்மாவுக்கும் இதே விடுதலைப் பத்திரக் கதைதான். ரேஷன் கார்டு வேலைன்னு சொல்லிக் கைரேகை வாங்கிட்டாங்க. போன மாசம் பட்டா மாறினதைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. வக்கீல் சார், இதை ரத்து பண்ண வழி இருக்கா?

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
இருக்கிறதம்மா. ஏமாற்றி வாங்கியது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் முதலில் வாங்குங்கள். சாட்சிக் கையெழுத்து யார் போட்டது என்று நகலில் பார்த்து வையுங்கள். கட்டணத்துக்கு வழியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், அவர் வாயால் சொல்வதுதான் முக்கியம்.