திட்டக்குழு ஆபீசுல உங்க அனுபவம் என்ன? கொங்குப் பக்கத்து ஆளுக எழுதுங்க

நொய்யல்கரை:
மாநிலத் திட்டக்குழுன்னு பேப்பர்ல அடிக்கடி வருது. ஆனா அங்க வேலை எப்படி நடக்குது, நம்ம ஜில்லாவுல அதுக்கு யார் இருக்காங்கன்னு கேட்டா நெம்பப் பேருக்குத் தெரியறதில்லீங்க. நேர்ல போனவங்க, அங்க வேலை பார்த்தவங்க, அவங்க வந்து உங்ககிட்ட கேள்வி கேட்டிருந்தா அது, எல்லாத்தையும் எழுதுங்க.

நான் ஆரம்பிச்சு வெக்கறேன். எங்க ஊர்க் குளத்து வாய்க்கால் விஷயமா ஒரு மனு எடுத்துக்கிட்டு சேப்பாக்கம் எழிலகத்துக்குப் போனோம். மரியாதையா உட்கார வெச்சுக் கேட்டாங்க. குளம் எத்தனை ஏக்கர், கடைசியா எப்ப நிறைஞ்சுது, ஆயக்கட்டு, அதாவது அதுல பாயற நிலம், எவ்வளவுன்னு கேட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க. அப்பறம் மனுவை நீர்வளத் துறைக்கு அனுப்பறதாச் சொன்னாங்க. சொன்ன மாதிரியே அனுப்பினாங்க. பல மாசம் கழிச்சு எங்க பகுதி உதவிப் பொறியாளர் மேசைக்கு வந்து சேர்ந்துச்சு. அவரு ஆபீஸ் எங்க ஊட்டுல இருந்து ரெண்டு மைல்!

பல்லடத்தான்:
அப்ப அந்த ஆபீஸ் எதுக்குங்க? தபால் பிரிக்கறதுக்கா?

பசலிக்கணக்கு:
நான் புள்ளியியல் பக்கம் இருந்து ஓய்வு பெற்ற ஆள். நடுவுல கொஞ்ச காலம் கலெக்டர் ஆபீசுல திட்டப் பிரிவுலயும் இருந்தேன். பல்லடத்துத் தம்பி கேட்டதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும்.

சென்னையில ரெண்டு இடம் இருக்குதுங்க. கோட்டையில இருக்கறது திட்டம், வளர்ச்சி மற்றும் சிறப்பு முயற்சிகள் துறை. செயலாளர், அரசாணை எல்லாம் அங்க. எழிலகத்துல இருக்கறது திட்டக்குழு. 1971 மே 25ல ஆரம்பிச்சது. முதலமைச்சர்தான் தலைவர். துணைத் தலைவர், முழுநேர உறுப்பினர், பகுதிநேர உறுப்பினர்கள், ஆபீசை நடத்தறதுக்கு உறுப்பினர் செயலர். அந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குக் கீழ வேளாண்மை, தொழில், கல்வி, சுகாதாரம், நிலப் பயன்பாடு, மாவட்டத் திட்டமிடல்னு பிரிவுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரிவுத் தலைவர். 2020ல வளர்ச்சிக் கொள்கைக் குழுன்னு பேரை மாத்தினாங்க. அப்பவும் எங்க வாயில திட்டக்குழுதான்.

உறுப்பினர்கள் அரசு ஊழியரா இருக்கோணும்னு இல்லீங்க. 2021ல மாத்தி அமைச்சப்ப பொருளாதார அறிஞர் ஜெயரஞ்சன் துணைத் தலைவரா வந்தாரு. கூடவே மண்புழு ஆராய்ச்சி பண்ற சுல்தான் இஸ்மாயில், சித்த மருத்துவர் சிவராமன், நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ். ஒரே மேசையில இப்படி ஆளுக உட்கார்றது எனக்குப் புடிச்சிருந்துச்சு. வெறும் ஓய்வுபெற்ற அதிகாரிகளா நிரப்பறதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் பெருமைன்னு வெச்சுக்கங்க. 1971ல சென்னையில இது ஆரம்பிச்சப்ப டெல்லித் திட்டக் கமிஷன்ல துணைத் தலைவரா உட்கார்ந்தது பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம்தான்.

விஷயத்துக்கு வர்றேன். திட்டக்குழு பணம் குடுக்கற ஆபீஸ் இல்லீங்க. ஒரு துறைக்குப் புதுத் திட்டம் வேணும்னா மாவட்ட அதிகாரி எழுதி, துறைத் தலைவருக்குப் போயி, அங்கிருந்து கோட்டையில அந்தத் துறைச் செயலாளர், அப்பறம் நிதித் துறை. "பார்ட் டூ ஸ்கீம்"னு ஆபீசுல பேசிக்குவாங்களே, புதுசா ஒரு செலவு பட்ஜெட்டுக்குள்ள நுழையற வாசல்ல அதுவும் ஒண்ணு. இந்தப் பாதையில ஒப்புதல் கையெழுத்து நிதித் துறையோடது. திட்டக்குழு பக்கத்துல நின்னு, இது சரி, இது போதாதுன்னு எழுதிக் குடுக்கும். கேக்கறதும் விடறதும் துறையோட இஷ்டம்.

முந்தி அதுக்கும் ஒரு எடை இருந்துச்சு. ஐந்தாண்டுத் திட்டம் இருந்த காலத்துல வருசா வருசம் டெல்லிக்குப் போயி திட்டத் தொகையைப் பேசி முடிக்கோணும். அதுக்குக் காகிதம் தயாராகறது எழிலகத்துல. ஜில்லாவுல எங்களுக்கெல்லாம் அந்தச் சமயத்துல தூக்கமே கிடையாது. டெல்லித் திட்டக் கமிஷன் போயி 2015 சனவரி 1ல நிதி ஆயோக் வந்துச்சு. 12ஆவது திட்டம் 2017 மார்ச்சோட முடிஞ்சுது. திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவுங்கற பிரிவினையும் போயிருச்சு. அதுக்கப்பறம் அந்த ஆபீசோட வேலை ஆய்வு, மதிப்பீடு பக்கம் சாஞ்சுது. 2025 மார்ச்சுல மாநிலத்துக்குன்னு முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது இவங்கதான்.

கையில நேரா வர்ற பணம் ரெண்டு மூணு சின்ன உண்டியல்தான். பின்தங்கின வட்டாரத்துக்கு மாநிலச் சமச்சீர் வளர்ச்சி நிதி, துறைகளோட புதுமை முயற்சிக்கு ஒரு நிதி. இப்ப வளமிகு வட்டாரங்கள்னு 50 வட்டாரத்தை எடுத்துப் பண்றாங்க. எனக்கு அதுல மிச்சமிருக்கற ஞாபகம் யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்று. பணம் வந்ததைவிட அதைச் செலவு பண்ணினதுக்கு அந்தச் சான்றைத் துறைக்காரங்ககிட்ட வாங்கறதுக்குத்தான் அதிகம் அலைஞ்சோம்.

தோப்புக்காரி:
ஐயா சொன்னதுக்கு அடியில இருக்கற வேலையை நான் சொல்றேன். பொள்ளாச்சிப் பக்கம் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளரா இருக்கறேன். எழிலகத்துல போடற விளைச்சல் கணக்கெல்லாம் எங்க செருப்புத் தேய்மானங்க.

பயிர் அறுவடைப் பரிசோதனைன்னா, ஊரும் சர்வே நம்பரும் குலுக்கல் மாதிரி எண்ல வரும். நாமளா ஒரு காட்டைப் பொறுக்க முடியாது. காட்டுக்குப் போனா தென்மேற்கு மூலையில நின்னு, குடுத்த எண்ணுப்படி நீளத்துக்கு இத்தனை அடி, அகலத்துக்கு இத்தனை அடி வெச்சு நடக்கோணும். நின்ன இடத்துல முளையடிச்சு அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் சதுரம். அதுக்குள்ள இருக்கறதை மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போட்டு எழுதோணும்.

ஒரு தடவை பாட்டய்யா ஒருத்தரு பார்த்துக்கிட்டே இருந்தாரு. "ஏன் அம்மிணி, கன்னி மூலையில இருந்து ஆரம்பிக்கறயே, சாமி கும்பிடப் போறயா?"ன்னாரு. அதைவிட அவருக்குப் பொறுக்காதது என்னன்னா, நல்லா வெளைஞ்ச கிழக்கோரத்தை விட்டுப்போட்டு நான் காய்ஞ்ச பக்கத்துல முளையடிச்சதுதான். "அக்கட்டப் போயி அறுத்துக்க கண்ணு, சர்க்காருக்கு நல்லதாக் காட்டலாம்"னு சொல்றாரு. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இந்த எடையை வெச்சுத்தான் வரும்னு சொன்னதும், அப்படியே திரும்பி, "இதைவிடக் காய்ஞ்சது அந்த மேட்டுல இருக்குது"ன்னாரு. எந்தப் பக்கமும் முளையை நகர்த்த முடியாதுங்கய்யான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வேலையை முடிச்சோம். கிளம்பறப்ப இளநீ வெட்டிக் குடுத்தாரு.

பரப்பளவுக் கணக்கு வி.ஏ.ஓ. அடங்கல்ல, அதாவது எந்தக் காட்டுல என்ன பயிர்னு அவரு எழுதற கணக்குல இருந்து வரும். சூலை தொடங்கி சூன் வரைக்கும் ஒரு பசலி வருசம். அடங்கல்ல சோளம்னு எழுதியிருந்து காட்டுல தென்னங்கன்னு நின்னா, சென்னை வரைக்கும் சோளமாத்தான் போகும். உங்க காட்டுல என்ன நிக்குதோ அதுதான் அடங்கல்ல இருக்குதான்னு வருசத்துக்கு ஒருக்காப் பார்த்துக்கங்க. இதைச் சொல்லித்தான் எனக்குத் தொண்டை வத்திப்போச்சு.

மஞ்சமண்டி:
என்னோட லேஅவுட் அப்ரூவல் ஒரு வருசமா நிக்குது. திட்டக்குழுவுல யாரைப் பார்க்கோணும்?

பசலிக்கணக்கு:
அது வேற கடைங்க. மனைப்பிரிவு, கட்டட வரைபடம் எல்லாம் நகர் ஊரமைப்புத் துறை, உள்ளூர்த் திட்டக் குழுமம். 1971ஆம் வருசச் சட்டம்தான், ஆனா துறை வீட்டுவசதிப் பக்கம். அங்க உறுப்பினர் செயலரைப் பாருங்க. எங்ககிட்ட வாரத்துக்கு ஒருத்தராவது வரைபடச் சுருளோட வந்து நிப்பாங்க.

கைமடி:
திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் செக்சன்ல இருக்கறேங்க. பல்லடத்து அண்ணா "எதுக்கு அந்த ஆபீஸ்"னு கேட்டாரே, அதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு 2021 மே மாசம் வந்துச்சு. அப்பறம் திட்டக்குழுவுல இருந்து அதைப் பத்தி ஆய்வு பண்ணினாங்க. எடுத்த மூணு ஜில்லாவுல திருப்பூர் ஒண்ணு, மத்தது நாகப்பட்டினம், மதுரை. பஸ் ஸ்டாண்டுல ஒரு புள்ளை பேப்பரோட வந்து உட்கார்ந்துச்சு. நான் வெறும் "காசு மிச்சமாகுதா"ன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். அது கேட்டது வேற. முந்தி எதுல போனீங்க, மிச்சமானதை என்ன பண்றீங்க, வேலையில்லாத நாள்ல பஸ் ஏறிப் போறீங்களா, எங்க போறீங்க, ஊட்டுல யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போறீங்களா.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குக் கொஞ்ச நேரம் பதிலே வரலீங்க. அம்மா ஊட்டுக்குப் போறதுக்கு முந்தியெல்லாம் அவருகிட்ட பஸ் காசு கேக்கோணும். இப்பக் கேக்கறதில்லை. போய்ட்டு வந்து சொல்றேன். அதைச் சொன்னேன், எழுதிக்கிச்சு.

பின்னால பேப்பர்ல மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சம்னு வந்துச்சு. எங்க லைன்ல பாதிப்பேரு கம்பெனி வேன்ல வர்றவங்க, அவங்களுக்கு அஞ்சு பைசா மிச்சமில்லை. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். சராசரின்னா அப்படித்தானாம், எங்க சூப்பர்வைசர் சொன்னாரு. ஆனா அந்த 888ஐ இப்ப யார் பேசினாலும் சொல்றாங்க, சட்டசபை வரைக்கும். அதுல நம்ம பஸ் ஸ்டாண்டும் இருக்குதுல்லங்க.

பல்லடத்தான்:
அக்கா, இதுக்கு நான் வாயைத் திறக்கலை.

வார்டு நம்பர் தெரியாதவன்:
கவுன்சிலரா இருந்தவன். ஊரைச் சொல்ல மாட்டேன். மாவட்டத் திட்டமிடும் குழுன்னு ஒண்ணு அரசியல் சாசனத்துலயே இருக்குதுங்க, 243 இசட் டி பிரிவு. அஞ்சுல நாலு பங்கு உறுப்பினர்களை நாங்களே எங்களுக்குள்ள ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கோணும். மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். கலெக்டருக்கு மேல ஒரு நாற்காலி மக்கள் பிரதிநிதிக்குன்னு போட்டிருக்கற எடம் இதுன்னு எங்க தலைவர் பெருமையாச் சொல்வாரு.

2023 சூன்ல தேர்தல் நடந்துச்சு. ஓட்டுக்கு நடந்த கூத்து பெருசு. ஓட்டல், வேன், சாப்பாடு எல்லாம். ஜெயிச்சு உள்ள போனா கூட்டத்துல மின்விளக்கு எரியலை, பஸ் நிக்கலைங்கறதுதான் பேச்சு. ஊராட்சித் திட்டத்தையும் நகராட்சித் திட்டத்தையும் சேர்த்து ஜில்லாவுக்கு ஒரே வரைவுத் திட்டம் பண்றதுதான் அந்தக் குழுவோட வேலை. அந்த வரைவை நான் கண்ணால பார்க்கலை. 2025 சனவரியில ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலமும் முடிஞ்சுபோச்சு.

ஆபீஸ்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு முன்னாடி குடுத்த புள்ளிவிவரக் கையேட்டைப் பிரிச்சுப் பார்த்தவங்க எங்கள்ல எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும்.

நொய்யல்கரை:
பசலி ஐயா, எங்க குளத்து விஷயத்துக்கு அப்ப என்னதான் பண்ணறது? அத்திக்கடவு – அவிநாசி குளம் நிரப்பற திட்டத்துல 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி வந்துச்சு, எங்களது அந்தப் பட்டியல்ல இல்லை.

பசலிக்கணக்கு:
அத்திக்கடவு பல தலைமுறை கேட்டு 2024 ஆகஸ்ட்டுலதான் ஓடிச்சு, அதனால மனசை விட்டுராதீங்க. வாய்க்கால் தூர் வார்றது உதவிப் பொறியாளர் வேலை, அவருகிட்டயே செலவு மதிப்பீடு போடச் சொல்லுங்க. அந்த மதிப்பீட்டு எண்ணோட மாவட்ட அதிகாரியைப் பாருங்க. கூடவே அந்த ஆயக்கட்டுல பத்து வருசமா என்ன சாகுபடி ஆச்சுன்னு அடங்கல் நகல் எடுங்க. பரப்பு கொறைஞ்சிருந்தா அதுதான் உங்க சாட்சி. சென்னைக்கு அதை அனுப்பினீங்கன்னா பிரிவுத் தலைவர் படிப்பாரு. குளம் எங்களுக்கு உயிர்ன்னு எழுதின மனு ஆயிரம் பார்த்திருப்பாரு.

தோப்புக்காரி:
அடங்கல் நகல்ல சோளம்னு இருந்துச்சுன்னா முதல்ல எனக்குச் சொல்லுங்கண்ணா.