அஸ்வெசுமப் பட்டியலில் விடுபட்டவர் யாரிடம் கேட்பது?

கேள்வி (திருமலை வாசகி):
எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்து, இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவருக்கு, வறிய குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் அஸ்வெசும உதவித்தொகை கிடைக்கவில்லை. கணவர் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் சங்கிலி துருப்பிடித்து, கோழிகள் ஏறியிருக்கும் நிலையில் முற்றத்தில் நிற்கிறது. கணக்கெடுக்க வந்தவர் அதைச் சொத்தாகப் பதிந்துகொண்டார். மேன்முறையீடு செய்தும் பதில் இல்லை. வறுமை ஒழிப்பை வெறும் புள்ளிக் கணக்காக மாற்றியது சரிதானா?

பதில் (ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்):
தங்கச்சி, அஸ்வெசுமவுக்கு முந்திய உதவித்திட்டமான சமுர்த்தி 1995இல் தொடங்கிய காலத்திலிருந்து பட்டியலில் கட்சிக்காரர்களின் கை இருந்ததை நான் அருகிலிருந்து கண்டவன். ஆகவே சொத்து போன்ற 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் முறையை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தபோது, கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. உள்ளூராட்சி சபைகளின் காலமும் 2023 மார்ச்சில் முடிந்திருந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாய் என்று கொழும்பில் முடிவானபோது, விடுபட்டவருக்காகக் கேள்வி கேட்க, மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை ஒன்றுகூட இங்கே இருக்கவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. அரசியல்வாதியின் தலையீட்டை அகற்றியது நல்லது. அத்தோடு மக்களின் குரலையும் அகற்றிவிட்டார்கள் என்பதே என் மனவருத்தம்.

பதில் (சம்பூர்க்காரன்):
ஐயா சொல்வதோடு காணியையும் சேர்க்க வேண்டும். 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள் வயலும் தோட்டமும் வைத்திருந்தவர்கள். கிளிவெட்டி முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றோம். எங்கள் நிலம் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது எந்த வறுமை ஒழிப்புத் திட்டத்தாலும் அல்ல, 2015இல் ஆட்சி மாறியதால். எங்களை ஏழையாக்கியதும் அரசியல் முடிவு, காணியைத் திருப்பித் தந்ததும் அரசியல் முடிவு.

பதில் (கிண்ணியா ஆசிரியர்):
வரியையும் மறக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. சவர்க்காரம் வாங்கும்போது அந்த அக்காவும் செல்வந்தரும் ஒரே வீதத்தில்தான் செலுத்துகிறார்கள். அந்த அக்கா செய்யக்கூடியது ஒன்று உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தமக்கு ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எத்தனை புள்ளி இடப்பட்டது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை எழுத நான் உதவுகிறேன்.