பெஸ்டெல் அட்டவணை போட்டாச்சு, அதிலிருந்து முடிவு எடுப்பது எப்படி? (நிட்வேர் ஏற்றுமதி)

பவர்டேபிள்_120:
வணக்கம். திருப்பூரில் 120 மெஷின் யூனிட். கட்டிங், தையல், பேக்கிங் சொந்தம். நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்குவது. 70 சதவீதம் ஒரே அமெரிக்க பையருக்குப் போகிறது, மீதி ஐரோப்பா. அடுத்த வருடத் திட்டத்துக்காக அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று ஆறு தலைப்பில் வெளிச்சூழலைப் பார்க்கும் 31 வரி பெஸ்டெல் அட்டவணை தயார் செய்திருக்கிறோம். நூல் விலை, தீர்வை, சாயக்கழிவு விதி, ஆள் பற்றாக்குறை என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் பாதி வரிகளுக்கு எதிரே "தாக்கம்: அதிகம்" என்றே இருப்பதால் எதை முதலில் கையில் எடுப்பது என்று தெரியவில்லை. இதை எப்படி முடிவாக மாற்றுவது?

காஸ்டிங்_ஷீட்:
"அதிகம், நடுத்தரம், குறைவு" என்ற அந்தக் கடைசிப் பத்தியை அழித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் "பீசுக்கு எத்தனை ரூபாய்" என்று எழுதுங்கள். பிறகு அந்த ரூபாயை உங்கள் பீஸ் லாபத்தோடு ஒப்பிடுங்கள்.

மாதிரிக்கு 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) ஆண்கள் டி-ஷர்ட் ஒன்று. எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தரும் விலை) 3 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 255 ரூபாய். அடக்கம் 240, லாபம் 15. துணி 200 கிராம் பிடித்தால், நிட்டிங், டையிங் சேதாரம் சேர்த்து நூல் சுமார் 220 கிராம்.

நூல்: கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால் பீசுக்கு 8.80. லாபத்தில் பாதிக்கு மேல் போகிறது, ஆனால் லாபத்தைத் தாண்டவில்லை. 2021 நவம்பரில் ஒரே அடியாக 50 ரூபாய் ஏறியது, 2022 மே மாதம் இன்னொரு 40. இரண்டுக்கும் நடுவே பழைய விலையில் ஆர்டர் வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

தீர்வை (இறக்குமதி வரி): அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு அடிப்படை 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவுக்குக் கூடுதல் 50 ஆனபோது மொத்தம் 66.5, அதாவது 3 டாலர் பீசுக்கு 2 டாலர். அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் 20 தான். அவர்கள் பீசுக்கு 1.10 டாலர். வித்தியாசம் 90 சென்ட், சுமார் 76 ரூபாய். உங்கள் லாபமோ 15. லைன் எஃபிஷியன்சியை (தையல் லைனின் உற்பத்தித் திறனை) எவ்வளவு கூட்டினாலும் இந்த இடைவெளி அடையாது. விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. கணக்குப் போடும் அன்றைய விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 31 வரியும் இரண்டாகப் பிரிந்துவிடும். லாபத்துக்குள் அடங்குபவை ஒப்பந்தத்திலும் ஷெட்டுக்குள்ளும் தீர்க்க வேண்டியவை: கொட்டேஷன் விலை 7 நாள்தான் செல்லும் என்று வைப்பது, ஆர்டர் உறுதியான அன்றே குறைந்தது 60 சதவீத நூலை புக் செய்வது. லாபத்தைத் தாண்டுபவைக்கு சந்தையையோ பொருளையோதான் மாற்ற வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தீர்வை ஏறியதும் தையல் பீஸ் ரேட்டைக் குறைக்கப் பார்ப்பார்கள். டெய்லர்கள் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார்கள், தீர்வை அப்படியே இருக்கும்.

சாயம்_நிறம்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ரூபாயில் மட்டும் பார்த்தால் அட்டவணையில் சாயக்கழிவு விதி சின்னதாகத் தெரியும். அதனால் எத்தனை நாள் வேலை நிற்கும் என்று நாளிலும் எழுத வேண்டும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பிரச்சினை டையிங் கட்டணம் மட்டும் அல்ல, துணியே வரவில்லை. நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்தால் ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற) விதி தேவையானதுதான். அதோடு வாழும்படி திட்டம் போடுவது நம் பொறுப்பு.

செலவு எங்கே உருவாகிறது என்றால், உப்பில். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு இளநிறத்தில் 20 கிராம், கருநீலம், கறுப்பில் 70 கிராம்வரை உப்பு போகும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்ற 1:6 விகிதத்தில் கிலோ துணிக்கு 120 கிராமா, 420 கிராமா என்பதுதான் வித்தியாசம். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. தள்ளும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச நீராவி வேண்டும். ஆகவே காஸ்டிங்கில் சராசரி டையிங் ரேட் போடாதீர்கள், நிறவாரியாகப் போடுங்கள். ஒரே விலையில் ஐந்து நிறம் ஒப்புக்கொண்டு, பையர் கடைசியில் அளவை கறுப்புக்கு மாற்றினால் மொத்த ஆர்டரும் நஷ்டத்துக்குப் போகலாம்.

நாள் அபாயத்துக்கு வழி, இரண்டு வெவ்வேறு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்ந்த இரண்டு டையிங்குகளில் லேப் டிப் (சின்னத் துணியில் போட்ட நிற மாதிரி) அப்ரூவல் வாங்கி வைப்பது. இரண்டும் ஒரே நிலையத்தில் இணைந்திருந்தால் பயன் இல்லை, நின்றால் சேர்ந்தே நிற்கும். சாயக் கூட்டையும் இருவருக்கும் ஒன்றாகவே கொடுங்கள். இல்லையென்றால் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் பொருந்தும் நிறம் கடையின் டி.எல்.84 விளக்கில் பிரிந்துவிடும்.

பவர்டேபிள்_120:
மிக்க நன்றிங்க. தீர்வை லாபத்தைத் தாண்டுகிறது, புரிகிறது. அப்படியானால் பாலியஸ்டருக்கு மாறலாமா? உப்பும் தேவையில்லையே.

காஸ்டிங்_ஷீட்:
உப்பு மிச்சம்தான். ஆனால் உங்கள் பையர் அமெரிக்கர் என்றால் செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு அடிப்படைத் தீர்வையே 32 சதவீதம், பருத்தியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டையிங்குக்கு 130 டிகிரி தாங்கும் பிரஷர் மெஷின் வேண்டும். தையலில் ஊசி, நூல், டென்ஷன் எல்லாம் மாறும். வேறு சந்தைக்கு என்றால் யோசிக்கலாம், இந்த பையருக்காக வேண்டாம்.

ஏற்றுமதி_கணக்கர்:
ஐரோப்பாவைக் கூட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் காலம். புது பையர் என்றால் ஃபேக்டரி ஆடிட், சாம்பிள், ட்ரையல் ஆர்டர் என்று ஆறு மாதத்துக்குக் குறையாது. அதுவரை இப்போதைய பையரை விடமுடியாது. எனவே 70 சதவீதத்தை ஒரே வருடத்தில் 40 ஆக்கத் திட்டமிடாதீர்கள். அந்த நடுவில் பல மெஷின்கள் சும்மா நிற்கும்.

இரண்டாவது பணம். 240 ரூபாய் அடக்கம் 120 நாள் முடங்கினால் 10 சதவீத வட்டியில் பீசுக்கு 7.90. புது பையர் 30 நாள் கூடுதலாகக் கேட்டால் இன்னொரு 2 ரூபாய். இன்னொரு பக்கம் வருமான வரி விதி (1961 சட்டத்தில் 43பி(எச்) பிரிவு). உங்கள் நிட்டிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க்காரர் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்த வருடம் செலவாகக் கழிக்க முடியாது. பையரிடம் பணம் வாங்குவது 90 நாளில், ஜாப் ஒர்க்காரருக்குக் கொடுப்பது 45 நாளில். இந்த இடைவெளிக்குப் பணம் இல்லாமல் ஆர்டரைப் பெருக்கினால் விற்பனை ஏறும், கம்பெனி மூச்சுத் திணறும்.

மூன்றாவது, அரசு சலுகையை விலைக்குள் கரைத்துவிடுவது. ஆடைகளுக்கான 4 சதவீத எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதி ஊக்கச் சலுகையை 2020 ஜனவரியில் ரத்து செய்தபோது, 2019 மார்ச் 7 முதலே இல்லை என்று முன்தேதியிட்டு அறிவித்தார்கள். 255 ரூபாய் பீசில் 10 ரூபாய், அதுவும் ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்கு. சலுகை வந்தால் கணக்கில் தனியாக வரவு வையுங்கள், கொட்டேஷனில் சேர்க்காதீர்கள்.

வருடக் கடைசியில் லாபத்தைப் பார்க்கும்போதும் இதே பிரிப்பு வேண்டும். டாலர் 85-லிருந்து 88 ஆனால், ஃபார்வர்டு கவர் (டாலர் விலையை வங்கியில் முன்கூட்டியே உறுதி செய்வது) எடுக்காத 3 டாலர் பீசுக்கு 9 ரூபாய் தானாக வரும். அதைத் தையல் பிரிவின் சாதனை என்று நினைத்து மெஷின் வாங்கிவிடுவார்கள். காஸ்டிங் போட்ட அன்றைய டாலரிலும் நூல் விலையிலும் ஒருமுறை லாபத்தைக் கணக்கிடுங்கள். அது உங்கள் ஷெட் சம்பாதித்தது. உண்மையான லாபத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சந்தை கொடுத்தது, அல்லது எடுத்தது. போனஸும் புது முதலீடும் முதல் எண்ணை வைத்து; ஃபார்வர்டு கவர் எவ்வளவு எடுப்பது என்பது இரண்டாவதை வைத்து.

பவர்டேபிள்_120:
31 வரிக்கும் ரூபாய், நாள் என்று இரண்டு பத்தி சேர்த்து இங்கே போடுகிறேன். 45 நாள் கணக்கு டையிங்குக்கும் பொருந்துமா? அவர்கள் ஆண்டு விற்பனை 60 கோடி.

ஏற்றுமதி_கணக்கர்:
2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவன வரம்பு 25 கோடி முதலீடு, 100 கோடி விற்பனை. இரண்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும். விற்பனை சரி, இயந்திர முதலீடு 25 கோடியைத் தாண்டாமல் உத்யம் (அரசின் குறு, சிறு நிறுவனப் பதிவு) சான்றிதழில் "சிறு" என்று இருந்தால் பொருந்தும். சான்றிதழ் நகலை இந்த வாரமே எல்லா ஜாப் ஒர்க்காரரிடமும் வாங்கிவிடுங்கள்.