ஐபிஏ-வில் 800 வெள்ளி, கையில் நாளுக்கு 18 வெள்ளி: என்ன செய்வது?

அறந்தாங்கிக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. சிங்கப்பூரில் கட்டுமான வேலை, ஒர்க் பர்மிட். ஊருக்கு வந்த ஐபிஏ-வில் (ஒர்க் பர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிடித்தம் எதுவும் இல்லை. இங்கே வந்ததும் வேறொரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாளுக்கு 18 வெள்ளி, ஓடி (கூடுதல் நேர வேலை) மணிக்கு 3.38 என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்டால், "நீதானே கையெழுத்துப் போட்டே" என்கிறார் சூப்பர்வைசர். அந்தப் பேப்பர் செல்லுமா? புகார் கொடுத்தால் பர்மிட்டை கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவார்களா? ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்தப் பேப்பரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐபிஏ-வில் காட்டிய பேசிக்கைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும், கம்பெனி அதை முன்கூட்டியே எம்.ஓ.எம்-முக்கு (சிங்கப்பூர் மனிதவள அமைச்சு) தெரிவித்திருக்கவும் வேண்டும். வந்து இறங்கிய அன்று கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவைத்தால் போதாது. ஐபிஏ-வில் எழுதிய சம்பளத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும், அது உண்மையில்லை என்றால் முதலாளிதான் விளக்க வேண்டும் என்ற நிலையை 2017-ல் உயர் நீதிமன்றமே எடுத்திருக்கிறது. அந்த வழக்கிலும் ஒப்பந்தத்தில் ஒரு தொகை, ஐபிஏ-வில் அதைவிடக் கூடுதல் தொகை.

இப்போது கணக்கு. மணிக்கூலி = 12 × மாத பேசிக் ÷ (52 × 44). 800-க்கு 9,600 ÷ 2,288, அதாவது 4.20 வெள்ளி. ஓடி ஒன்றரை மடங்கு, 6.29. உங்களுக்குத் தரும் 3.38 எப்படி வந்தது தெரியுமா? 18-ஐ 8-ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கியிருக்கிறார்கள். பேசிக்கில் செய்த கோளாறு ஓடியிலும் தொடர்கிறது. மாதம் 26 நாள், 60 மணி ஓடி என்று வைத்தால் பேசிக்கில் 332, ஓடியில் 175, ஆக ஏறக்குறைய 507 வெள்ளி குறைகிறது. கிட்டத்தட்ட பாதிச் சம்பளம்!

பலர் கோட்டைவிடும் இடம் சனிக்கிழமை. வாரத்துக்கு 44 மணிதான் சாதாரண வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டெட்டு மணி பார்த்தால் 40 போய்விடும். சனிக்கிழமை 4 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதெல்லாம் ஓடி. சாப்பாட்டு இடைவேளை கணக்கில் வராது, அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

அறந்தாங்கிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் அதே 18-தான் தருகிறார்கள். அது சரியா?

கணக்குப்பிள்ளை:
ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு, பாதி நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் பேசிக் 9,600 ÷ 312 = 30.77. ஆக ஒரு ஞாயிற்றுக்கு 61.54 வர வேண்டும். எட்டு மணியைத் தாண்டினால் அதற்கு ஓடி தனி.

தெம்பனிஸ் வாசகி:
கணக்கு சரியாக இருந்தும் சாட்சியம் இல்லாமல் பாதித் தொகைக்குச் சமரசம் பேசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கவே கூடாது. இன்றே ஐபிஏ-வின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தாலும் இருக்கும். டைம் கார்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் மாதக் கடைசியில் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். டைம் கார்டே இல்லாத சைட் என்றால் ஒரு சின்ன நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சைட் பெயர், லாரி ஏறிய நேரம் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். மொத்தமாக ஒரே நாளில் எழுதிய நோட்டு பார்த்தாலே தெரிந்துவிடும், மதிப்பு இருக்காது.

பே ஸ்லிப் கொடுப்பது கட்டாயம். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பக்கத்தில் தேதியும் கைக்கு வந்த தொகையும் தமிழிலாவது எழுதிப் படம் எடுங்கள். வங்கியில் 800 போட்டுவிட்டு மீதியைக் காசாகத் திருப்பிக் கேட்கிற கம்பெனிகளும் உண்டு. அப்படியென்றால் ஏடிஎம் ரசீதும் கேட்ட வாட்ஸ்அப் செய்தியும் உங்களுக்கு ஆதாரம். லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை) உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

பழைய சைட்:
பர்மிட் விஷயம். கம்பெனி கேன்சல் செய்யலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேன்சல் ஆனதும் வழக்கு முடிந்துவிடாது. புகார் பதிவாகியிருந்தால் ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) இங்கே இருக்கலாம். விசாரணை முடியும்வரை சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. ஸ்பெஷல் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது, தனி அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போய் மாட்டினால் உங்கள் வழக்கையே கெடுத்துவிடும். டிக்கெட்டைக் கையில் திணித்து சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால் இமிகிரேஷன் கவுண்டரில் "சம்பளம் பாக்கி இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று அதிகாரியிடமே சொல்லுங்கள்.

புகார் கொடுப்பது டி.ஏ.டி.எம்-இல் (சம்பளத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு). வேலையில் இருக்கும்போது பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள், வேலையை விட்டபின் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். தள்ளிப்போடப் போட பழைய மாதங்கள் கையைவிட்டுப் போய்விடும். முதலில் சமரசப் பேச்சு. அது முடியாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரு பக்கமும் வக்கீல் கிடையாது. சமரச மேசையில் "இப்போ 1,000 வாங்கிக்கோ, முடிச்சுக்கலாம்" என்பார்கள். மாதவாரியாக எழுதிய கணக்குத்தாள் கையில் இருந்தால்தான் அது எவ்வளவு குறைவு என்று அங்கேயே காட்ட முடியும். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு திறக்க முடியாது.

புகார் கொடுக்கப் போகும் முன் சிராங்கூன் சாலை 579-ல் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் பேப்பரைக் காட்டுங்கள். 24 மணி நேர எண் 6536 2692, தமிழில் பேசலாம். அதே கம்பெனியில் தொடர விருப்பமில்லை என்றால், கட்டுமானத் துறையில் பர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் முன்புவரை முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். பர்மிட் அட்டையில் முடிவுத் தேதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, எதை முதலில் செய்யலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.