மறு: வாசனைத் திரவிய ‘நோட்’டுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். வாசனைத் திரவியம் பூசியதும், சற்றுப் பிறகு, கடைசியில் என்று மாறி மாறித் தெரியும் மணங்களை ஆங்கிலத்தில் ‘நோட்’ என்பார்கள். அவற்றுக்கான தமிழ்ச்சொல் பட்டியலில் நம் குழு ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டாப் நோட் – மேற்குறிப்பு; ஹார்ட் நோட் – இதயக்குறிப்பு; பேஸ் நோட் – அடிக்குறிப்பு

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அடிக்குறிப்பு என்றால் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் கிடப்பது. சந்தனத்தையும் கஸ்தூரியையும் அங்கேயா உட்காரவைப்பது? இந்த ‘நோட்’ எழுதிவைக்கும் குறிப்பு அல்ல, இசைப் பக்கத்துச் சொல். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாசனைத் தொழில் செய்த செப்டிமஸ் பியெஸ் மணங்களைச் சுரவரிசைபோல் அடுக்கியே காட்டினார். அந்த வகையில், ‘நோட்’டுக்குக் குழுவில் அக்கா ஒருவர் சொன்ன ‘மணச்சுரம்’ நியாயமானதுதான். ஆனால் சுரம் என்றதும் எங்கள் வேலூரில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள்.

என் தயக்கம் வேறு. மேல், அடி என்பதெல்லாம் முக்கோணப் படம் போட்டு விளக்கும் வசதிக்காக. பாட்டிலுக்குள் அடுக்கு எதுவும் இல்லை, எல்லாம் கலந்துதான் இருக்கிறது. எது முதலில் ஆவியாகிறது என்பதே விஷயம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் உள்ள லிமோனீனின் மூலக்கூறு எடை சுமார் 136. சந்தனத்தின் சான்டலாலுக்கு 220. எடை ஒன்றே காரணம் இல்லையென்றாலும், லேசானது முந்தும், கனமானது தங்கும்.

ஆகவே என் முன்மொழிவு: முந்துமணம், நடுமணம், தங்குமணம். தனித்த ‘நோட்’டுக்கு மணக்கூறு.

பிரெஞ்சு நிறுவனமான கெர்லானின் ஷாலிமார் (1925) என்ற வாசனைத் திரவியத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன். பூசியதும் எலுமிச்சை இனத்துப் பெர்கமாட், நாரத்தங்காய்த் தோலைக் கீறினாற்போல் சுரீரென்று வரும். கத்திரி வெயிலில் அந்த முந்துமணம் தெருமுனை வரைகூட நிற்பதில்லை. நடுமணத்தில் மல்லிகையும் ரோஜாவும் இருப்பதாகச் சொல்கிறார்கள். மல்லிகைச் சரத்தோடு வளர்ந்த என் மூக்குக்கு அது கொஞ்சம் பவுடர் பூசிய மல்லிகை. மறுநாள் சட்டைக் காலரில் மிச்சமிருப்பது வனிலாவும் லேசான புகைச்சலும். இதை ‘அடி’ என்பதைவிடத் ‘தங்கு’ என்பதே பொருந்தவில்லையா? நம் அத்தர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் மரபுப்படி ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் இறக்குவார்கள். பூ ஓடிவிடாமல் சந்தனம் பிடித்துவைக்கும். (ஜவ்வாது மலைச் சந்தனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.)

அடுத்தது, ‘லெதர் நோட்’டுக்குப் பட்டியலில் இருக்கும் ‘தோல்மணம்’. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்! பஸ் ஜன்னலைச் சாத்தவைக்கும் டேனரி வாடைதான் நினைவுக்கு வரும். அது பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்தது. வாசனைக்காரர்கள் சொல்வதோ பதனிட்டு முடித்த தோலின் மணம். அதையும் தோலிலிருந்து எடுப்பதில்லை. பிர்ச் மரப்பட்டைத் தாரிலிருந்தோ குயினோலின் வகைச் சேர்மங்களாலோ வரவழைக்கிறார்கள். போதாக்குறைக்கு நம் உடம்புத் தோலும் தோல்தான், பூசுவதும் அதன்மேல்தான். ‘பதத்தோல்மணம்’ என்று வைத்தால் இரண்டு குழப்பமும் தீரும். சொல் கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

‘சில்லாஜ்’ மட்டும் பிடிபடவில்லை. ஆள் கடந்து போன பிறகும் காற்றில் நிற்கும் வாசம் அது. ‘வால்மணம்’ வேண்டவே வேண்டாம். ‘மணத்தடம்’ என்று அரைமனதாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து